புறங்கையால் வேலி தொட்டவர்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. சாந்திபுரம் பக்கம் ஒரு குழி நிலம் இல்லாத குடும்பத்தில் பிறந்து, சித்தூருக்கு வந்து, மாங்காய் சீசனில் பழச்சாறு ஆலையில் கொட்டை பிரித்து, மீதி மாதங்களில் நாலு வீட்டு வாசல் பெருக்கி வளர்த்தேன். யார் வீட்டு வாசலிலும் கை நீட்டி நின்றதில்லை. எழுத்து என்று பார்த்தால் என் பேரைக் கோணலாகப் போடத் தெரியும், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் பேத்தி.

இந்த எழுபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். தினமும் காலையில் தன் வீட்டு வேலியிடம் தானே போய் அடி வாங்கிக்கொண்டு, "நல்லா கீது" என்று சொல்லிவிட்டு காபி குடிக்கப் போன மனிதர் ஒருவரைத்தான் பார்த்தேன். ஆந்திராவில் பாதியும் தமிழ்நாட்டில் பாதியும் சல்லடை போட்டாலும் அப்படி இரண்டாவது ஆள் கிடைக்கமாட்டார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் என்னவோ. தெருவுக்கு அவர் ஷாக்கு சார்.

வேலூர் ரோட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு மாந்தோப்பை வெட்டி மனை போட்டிருந்தார்கள். பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்காவுக்கும், கைத்தொழில் படித்து குவைத்துக்கும் போக ஆரம்பித்த காலம். அந்தத் தெருவில் இருபது வீடு. பாதி வீட்டில் கிழவர்கள், மீதி வீட்டில் பூட்டு. ஷாக்கு சார் பால் பண்ணையில் குளிர்ப்பெட்டி மிஷின் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்விட்டார். ஒரே மகன் அமெரிக்காவில். அவர் வீட்டில் நான் பாத்திரம் தேய்த்து, வாசல் பெருக்கி, துணி துவைத்தேன்.

ஒரு தடவை மூன்றாவது வீட்டில் பூட்டை உடைத்துவிட்டார்கள். அந்தச் சேதி அமெரிக்காவுக்குப் போன வேகத்தில், பெங்களூரிலிருந்து இரண்டு பேர் ஏணியோடு வந்து இறங்கினார்கள். காம்பவுண்டு சுவரின் மேல் சுற்றிலும் ஐந்து வரிசைக் கம்பி கட்டினார்கள். வராந்தாவில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டினார்கள். அந்தப் பெட்டி நாள் பூராவும் டிக்... டிக்... டிக்... என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு டிக்குக்கு ஒரு தடவை கம்பியில் கரண்ட் ஓடி நின்றுவிடும்.

"இன்னா சாரு இது, கடியாரம் மாதிரி அடிச்சிக்கினு கீது?" என்று கேட்டேன்.

"எம் புள்ள வரல, பாப்பம்மா. அவனுக்குப் பதிலா இத அனுப்பிச்சிருக்கான்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் பண்ணுவார். முதல் கேள்வி, "நைனா, வேலி வேலை செய்யுதா?" என்பதுதான். பார்க்காமல் பதில் சொல்வது சாருக்குப் பிடிக்காது. அதனால் தினமும் காலை ஆறு மணிக்கு, குளித்து விபூதி வைத்துக்கொண்டு, செருப்போடு சுவரோரம் போவார். ஒரு புல்லைக் கிள்ளி அதன் நுனியைக் கம்பியில் வைப்பார். பிறகு புல்லைப் போட்டுவிட்டு, வலது கையைத் திருப்பி, புறங்கை விரலால் கம்பியைத் தொடுவார். உடம்பு ஒரு குலுக்கு குலுக்கும். வாயிலிருந்து தன்னாலே வரும் சத்தம்: "கோவிந்தா."

எங்கள் தெருவுக்கு அதுதான் ஆறு மணி சங்கு. பால்காரி அந்தக் கோவிந்தாவைக் கேட்டுத்தான் கேனைத் தூக்குவாள்.

புரட்டாசியில் வேலூர்ப் பக்கத்திலிருந்து மஞ்சள் துணி கட்டிக்கொண்டு திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் ஒருநாள் தெரு மாறி எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டார்கள். அதே நேரத்தில் சார் கம்பியைத் தொட்டார். "கோவிந்தா." அவர்கள் இருபது பேரும் நின்று, "கோவிந்தா, கோவிந்தா" என்று பதில் கொடுத்தார்கள். முன்னால் வந்த பெரியவர் கும்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"சாமி, இங்க இன்னா கோயிலு?"

"கோயிலு இல்லப்பா. கரண்ட்டு வேலி. தொட்டுப் பாக்கறியா?"

பெரியவர் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துவிட்டார். சார் சொன்னபடி புறங்கையால் தொட்டார். அன்றைக்கு அவர் போட்ட கோவிந்தா ஏழு மலையையும் தாண்டிப் போயிருக்கும். மீதிப் பத்தொன்பது பேரும் கும்பிடு போட்டுவிட்டு வேகமாக நடையைக் கட்டினார்கள்.

வேலி வந்ததிலிருந்து சாருக்கு ஒரே கவலை. திருடனைப் பற்றி இல்லை, தெரியாமல் தொட்டுவிடுகிறவர்களைப் பற்றி. மூன்று பாஷையில் போர்டு எழுதி மாட்டினார். நான் விளக்குமாற்றோடு நின்று பார்த்தேன்.

"இன்னா எழுதிக் கீது சாரு?"

"தெலுங்குல முட்டுகோவத்துன்னு போட்டிருக்கு. தமிழ்ல தொடாதேன்னு. இங்கிலீசுலயும் அதேதான்."

"மூணையும் படிக்கத் தெரியாதவ நான் ஒருத்தி, பால்காரி ஒருத்தி, மாடு மேய்க்கிறவன் ஒருத்தன். எங்களுக்கு எந்தப் பாஷை?"

சார் நாலு நாள் யோசித்துப் படம் போட்ட போர்டு வாங்கி வந்தார். மஞ்சள் தகட்டில் ஒரு கறுப்புக் கை, அதன்மேல் ஒரு மின்னல். எங்கள் கண்ணுக்கு அது சாமி அபயம் காட்டுகிற கை மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை யாரோ அதற்குக் குங்குமம் வைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு முழம் கனகாம்பரம். மூன்றாவது வெள்ளிக்கிழமை கற்பூரம் ஏற்ற வந்தவளை சார் ஓடிப்போய்த் தடுத்தார்.

"படிக்கத் தெரியாதவங்களுக்குக் கைதான் புஸ்தகம்," என்று ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவையே கூப்பிட்டார். திருப்பதியில் தரிசனத்துக்கு நிற்கிற மாதிரி வரிசை. நெஞ்சுவலிக்காரர்களும் வயிற்றுப்பிள்ளைக்காரிகளும் குழந்தைகளும் தள்ளி நிற்கவேண்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு தொடல், புறங்கையால்.

"ஒரு தடவ தொட்டவன் அதுக்குப் பயந்தும் சாவ மாட்டான், அத எளப்பமாவும் நெனைக்க மாட்டான்," என்றார்.

தபால்காரர் தொட்டார். அடுத்த ஒரு மாதம் சாருக்கு வந்த கடிதங்கள் எதிர்வீட்டில்தான் கிடைத்தன. கேஸ் கொண்டுவருகிறவர் தொட்டார். அதன்பிறகு அவர் சிலிண்டரைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டு அங்கிருந்து விசில் அடித்தார். நான் மட்டும் தொடவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றேன்.

"அஞ்சு புள்ள வளத்தவ சாரு நானு. வரிசைல நின்னு கம்பிகிட்ட கடி வாங்கணும்னு எனக்கு எழுதல."

"கெடக்கட்டும் பாப்பம்மா. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. எந்தக் கம்பியா இருந்தாலும் பொறங்கைய நீட்டு. உள்ளங்கைய நீட்டாத."

"பொறங்கையால பெருக்கறது எப்பிடின்னு நீங்களே காட்டிக் குடுங்க," என்றேன். தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். இன்றைக்கு நினைத்தால் என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சார் வீட்டு வேலியைப் பார்த்து குவைத்துக்காரர் வீட்டுக்கும் வேலி வந்தது. தெருவில் பெரிய வீடு அதுதான். வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். வீட்டைப் பார்த்துக்கொண்டது அவருடைய மச்சான். அவரும் திருப்பதியில் இருந்தார். ஆக, வீட்டைப் பார்த்துக்கொண்டது பூட்டுதான். அங்கேயும் ஒரு பெட்டி டிக்... டிக்... என்றது. அன்றிலிருந்து ஷாக்கு சாருக்கு இன்னொரு வேலை சேர்ந்துகொண்டது. காலையில் தன் கம்பியைத் தொட்டு கோவிந்தா போட்டதும், நேராகக் குவைத்துக்காரர் வீட்டு கேட்டுக்குப் போய் காதை நீட்டி நிற்பார். ஆளில்லாத வீட்டில் இவர் என்ன ஒட்டுக்கேட்கிறார் என்று தெருவில் பேச்சு. மனைவி போனதிலிருந்து புத்தி கொஞ்சம் கலங்கிவிட்டது என்று நாலாவது வீட்டு அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"டிக்கு கேக்குதான்னு பாக்கறேன்," என்பார் என்னிடம். "ஒரு டிக்குக்கும் இன்னொரு டிக்குக்கும் நடுவுல ஒரு எடம் கீது பாரு, அந்த எடத்துலதான் மனுசன் கைய எடுத்துக்கறான். வேலி கடிக்கலாம். கடிச்சா விடணும்."

அந்த வருஷம் எங்கள் ஊர் அம்மன் கெங்கம்மாவுக்கு ஜாத்திரை வந்தது. ஜாத்திரை அன்றைக்கு எங்கள் பக்கத்தில் வேப்பிலை கட்டாத வாசல் இருக்காது. மாந்தோப்பை வெட்டி வந்த காலனியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வேப்பமரம். அது குவைத்துக்காரர் வீட்டு மதிலுக்குள் நின்று, கிளையைக் கம்பிக்கு மேலே தெருவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. வருஷம் பூராவும் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஜாத்திரை அன்றைக்கு மட்டும் தெருவில் உள்ள தொரட்டி எல்லாம் அங்கேதான் போகும்.

தொரட்டி என்றால் முன்பெல்லாம் மூங்கில். அந்த வருஷங்களில் லேசான இரும்புக் குழாயில் தொரட்டி வந்திருந்தது. பங்காருபாளையம் சந்தையில் நானும் ஒன்று வாங்கியிருந்தேன். தெருவிலேயே நீளமானது என்னுடையதுதான். அதில் எனக்குப் பெருமை. அதனால் விடிந்ததும் முதல் ஆளாகப் போனேன். முந்தின சாயங்காலம் பெய்த மழையில் சுவரும் மண்ணும் ஈரமாக இருந்தன. காலில் செருப்பில்லை. அம்மாவுக்கு இலை ஒடிக்கும்போது யார் செருப்புப் போடுவார்கள்?

தொரட்டியைத் தூக்கிக் கிளையைப் பார்த்து நீட்டினேன். கம்பிக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருந்திருக்காது.

"பாப்பம்மா, வத்து. வத்து."

தெலுங்கில் வத்து என்றால் வேண்டாம். சாருக்குப் பயம் வந்தால் தெலுங்குதான் வரும். அந்தக் குரலில் என் கை அப்படியே நின்றது. மெதுவாகத் தொரட்டியைத் தெருப் பக்கமாகச் சாய்த்துக் கீழே போட்டேன். அவர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"காத வெச்சிக் கேளு. டிக்கு கேக்குதா?"

கேட்டேன். ஒன்றும் இல்லை.

"அப்ப நின்னு பூட்சி சாரு. நல்லதுதான?"

அவர் கையிலிருந்த மூங்கில் தடியால் சுவரின் மேலே காட்டினார். ஈரச்சுவருக்கும் அடிக்கம்பிக்கும் நடுவில் ஒரு அணில் கிடந்தது. ஓடுகிற மாதிரியே கிடந்தது.

அவர் வீட்டுக்குப் போய் இரண்டு நீள ஒயர் கட்டிய ஒரு குண்டு பல்பைக் கொண்டுவந்தார். ரப்பர் செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். ஒரு ஒயரை ஈர மண்ணில் அடித்த இரும்பு ஆணியில் சுற்றினார். இன்னொரு ஒயரை மூங்கில் தடி நுனியில் கட்டிக் கம்பியில் வைத்தார். பல்பு எரிந்தது. விட்டு விட்டு எரியவில்லை. வீட்டுக்குள் எரிகிற மாதிரி நிதானமாக எரிந்தது.

"பெட்டி கெட்டுப் போயிருக்கும். எவனோ வீட்டு லைன நேரா கம்பில குடுத்துட்டான். இது இப்ப கடிக்காது பாப்பம்மா. புடிச்சிக்கும்."

பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொள்ளப் போனவள் கையை இழுத்துக்கொண்டேன்.

சார் வீட்டுக்குப் போய்த் திருப்பதி மச்சானுக்குப் போன் போட்டார். பிறகு என்னிடம் சொன்னார். "'ஸ்ட்ராங்கா இருந்தாத்தான சாரு திருடன் பயப்படுவான், நாளைக்கி வந்து பாக்கறன்'றான்." கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டார். லைன்மேன் எல்லோரும் ஊர்வலம் போகிற தெருவில் ஒயரைத் தூக்கிப் பிடிக்கப் போயிருந்தார்கள். சேதி சொல்கிறோம் என்றார்கள்.

அவ்வளவுதான். சார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அந்த மரத்துக்கு நேராக, நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்துவிட்டார். மடியில் மூங்கில் தடி.

ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். குளித்த ஈரம் காயாத பெண்கள், தோளில் இரும்புத் தொரட்டி. சார் ஒவ்வொருவருக்கும் பல்பை எரியவைத்துக் காட்டினார்.

"எழுந்திரிங்க சாரு, நேரமாவுது."

"அம்மாவுக்கு எல ஒடிக்கிறதத் தடுக்கறீங்களே, கண்ணு போயிடும்."

"போனா என் கண்ணு போவட்டும். ஒன் கை போவக்கூடாது."

"பல்பு எரிஞ்சா எரியட்டும். உங்க வீட்டு வேலில தெனமும் தொட்டுத்தான கோவிந்தா போடறீங்க? அதே கம்பிதான இது?"

அங்கேதான் சிக்கல். அவர் தினமும் தொட்டுத் தொட்டு, தெருவுக்கே வேலி என்றால் ஒரு குலுக்கல், ஒரு கோவிந்தா என்று பழகிப்போயிருந்தது. எங்களுக்கு நன்மைக்குச் சொல்லிக் கொடுத்த பாடமே எங்களை எமனிடம் கொண்டுபோய் விடப் பார்த்தது. நாலாவது வீட்டு அம்மா தன் தொரட்டியை உயர்த்தினார். சார் எழுந்து அதன் முன்னால் கையை விரித்து நின்றார். அறுபத்தெட்டு வயது மனிதர்.

இவர் எத்தனை பேரை இப்படித் தடுக்க முடியும் என்று நினைத்தேன். இலை இல்லாமல் யாரும் வீட்டுக்குத் திரும்பமாட்டார்கள். தடுத்தால் நிற்காது, கொடுத்தால்தான் நிற்கும். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, ஒரு கொடுவாளோடு ஏரிக்கரைக்கு நடந்தேன். அங்கே நாலு வேப்பமரம் உண்டு. ஒரு கட்டு ஒடித்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சாருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டேன்.

"இந்தா, எடுத்துக்கினு போங்க. அம்மாவுக்கு ஏரிக்கரை எலன்னா கசக்காதா?"

நாலாவது வீட்டு அம்மாதான் முதலில் சிரித்தார். கையை நீட்டினார். மூன்று நடை நடந்து மூன்று கட்டு கொண்டுவந்தேன். வெயில் ஏறியபின் தெரு காலியாயிற்று. நான் அவர் நிழலில் தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவர், யாரும் கேட்காமலே, சொன்னார்.

"பண்ணையில எங்கூட ஒருத்தன் இருந்தான். தரையெல்லாம் தண்ணி. கேன் கழுவற மிஷினோட பிடியில கைய வெச்சான். கை மூடிக்கிச்சு. அவன் கத்தல பாப்பம்மா. பல்லு தெரிஞ்சிது. நான் மூணு அடி தள்ளி நின்னுக்கினு, ஏதோ சிரிக்கிறான்னு நானும் சிரிச்சேன்."

தன் கையைத் திருப்பிக் காட்டி, "உள்ளங்கை அப்பிடித்தான். பட்டதும் மூடும். பொறங்கைக்கு மூடத் தெரியாது, தள்ளத்தான் தெரியும்," என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன கிண்டல் எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. வேப்பிலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன்.

வெயில் சாயும்போது லைன்மேன் வந்தார். முதலில் சிரித்தபடிதான் வந்தார். கம்பியில் சோதித்துப் பார்த்ததும் முகம் மாறியது. உடனே கம்பத்தில் ஏறி அந்த வீட்டு லைனைக் கழற்றினார். கேட்டைத் தாண்டி உள்ளே போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது பெட்டி ஒரு மூலையில் கிடந்தது. சுவிட்சு போர்டிலிருந்து ஒரு ஒயர் ஜன்னல் வழியாக நேராகக் கம்பிக்குப் போயிருந்தது. லைன்மேன் கேட்டார், "எப்பத்திலேர்ந்து சாரு இங்க உக்காந்திருக்கீங்க?" சார் பதில் சொல்ல எழப் பார்த்தார். முழங்கால் பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. நானும் லைன்மேனும் ஆளுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கினோம். தெருவில் யாரும் அவரிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எட்டு வீட்டிலிருந்து எட்டுச் சொம்பு ஜாத்திரைக் கூழ் வந்தது. ஒரு ஆள் எட்டுச் சொம்பு கூழை என்ன செய்வார்? நாலு நாள் அதையே குடித்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் விளக்குமாற்றோடு போனபோது, சார் வீட்டு வாசலில் வரிசை நின்றது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. கடைசியில் போய் நானும் நின்றேன். என் முறை வந்தது. டிக்கைக் கேட்டேன். கையைத் திருப்பினேன். புறங்கையை வைத்தேன்.

கடித்தது. விட்டது.

"கோவிந்தா," என்றேன், எனக்கே தெரியாமல்.

"பாப்பம்மா கோவிந்தா பலமா கீது. மிஷினு சரியா கீது," என்றார் சார். அன்று ஞாயிற்றுக்கிழமை. மகனிடம் போனில் அதைத்தான் சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து மகன் வந்து அவரை அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். வீடு பூட்டிக் கிடக்கும், வேலி இருக்கட்டும் என்றார் மகன். சார் ஒப்புக்கொள்ளவில்லை. "தெனமும் தொட்டுப் பாக்க ஆள் இல்லாத வேலி, திருடன விட மோசம்," என்று சொல்லி, தானே பெட்டியை நிறுத்தி, ஐந்து வரிசைக் கம்பியையும் அவிழ்த்துச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "துணி காயப்போடு," என்றார். போனவர் திரும்பவில்லை. அங்கேயே முடிந்துவிட்டது என்று தபால்காரர் சொன்னார்.

அந்தக் கம்பியில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டுத் துணி காய்கிறது. இருபது வருஷமாக அதில் கரண்ட் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஈரத் துணியோடு போகும்போதெல்லாம் முதலில் புறங்கையால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் துணியைப் போடுகிறேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர் கையைத் தொடுகிற மாதிரி எனக்கு.

போதும்மா, எழுதினது எல்லாத்தையும் ஆயாவுக்கு ஒரு தடவை படித்துக் காட்டு. டிக்கு வருகிற இடத்தில் மட்டும் அவசரப்படாதே. கொஞ்சம் நிறுத்தி, இடம் விட்டுப் படி.